பின்வீட்டு மனோரஞ்சிதம்

தோட்ட நாளை மறுபடி நடத்தப் போகிறீர்களாமே. போன வாரம் கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்தவள் சொன்னாள். ராஜ வீதிகளில் வீடு வீடாகப் போய்த் தோட்டம் பார்த்தோமே, நன்னாரி சர்பத் குடித்தோமே, காகிதப் பூவைக் குத்திக்கொண்டு திரிந்தோமே, அதெல்லாம் என்ன காலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பாயசம் அவள் இலையைவிட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. நடத்துங்கள், தாராளமாக நடத்துங்கள். என்னை மட்டும் கூப்பிடாதீர்கள். உங்களுக்கெல்லாம் இனிக்கிற அந்த நாள் எனக்கு இன்னும் எரிகிறது.

வயசாகிவிட்டது, விட்டுத் தள்ளு என்பீர்கள். தெரியும். நம் கூட்டத்தில் பாதிப் பேர் இப்போது எல்லாவற்றையும் மன்னித்துக்கொண்டிருக்கிறீர்கள். மாமியாரை மன்னித்தாயிற்று, மருமகளை மன்னித்தாயிற்று, அடித்த வாத்தியாரைக்கூட மன்னித்து மாலை போட்டாயிற்று. எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது, பல் கட்டிக்கொண்டேன், கோபம் மட்டும் வாங்கினது வாங்கினபடி இருக்கிறது. அதனால் உங்கள் சங்கத்துக் கூட்டத்தில் தோட்ட நாள் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் இதைப் படித்துவிடுங்கள்.

உங்களில் பலருக்குத் தோட்ட நாளின் முன்வாசல்தான் தெரியும். நான் பின்வாசல்காரி. சமஸ்தானம் மெட்ராஸோடு சேர்ந்து, அரண்மனை ஆபீசுகளில் பாதியை மூடி, அப்பாவைத் திருச்சிக்குத் தூக்கிப் போட்டிருந்த சமயம். சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விடுவார். அம்மாவும் நானும் வடக்கு ராஜ வீதியில் ஒரு வக்கீல் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு சின்ன முற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் வக்கீல் வீட்டுத் தோட்டம். நடுவில் மூங்கில் தட்டி.

அந்த வீட்டை ஆண்டது வக்கீல் அல்ல, அவர் மனைவி. ஊரே வக்கீலம்மா என்றது, நானும் அப்படியே சொல்கிறேன். வைர மூக்குத்தி, இடுப்பில் சாவிக்கொத்து, தெருக்கோடி வரை கேட்கும் குரல். தோட்டத்தில் குரோட்டன்ஸே வரிசை வரிசையாகத் தொட்டிகளில் நிற்கும். ஊட்டியிலிருந்து வந்த டேலியா, திண்டுக்கல்லிலிருந்து வந்த ரோஜா, கிணற்றடியில் பெரணி. நம்மூர்ச் செம்மண்ணில் எது வைத்தாலும் தண்ணீர் கேட்கும். கோடையில் கிணறு அடியில் போய்விடும். வக்கீலம்மா வண்டித் தண்ணீர் வாங்கி ஊற்றுவார். அம்மா அரிசி கழுவிய தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் ஒரே ஒரு செடிக்கு ஊற்றுவாள்.

அதுதான் மனோரஞ்சிதம். அம்மாவுக்கு அரிமளம் பக்கத்தில் ஒரு கிராமம். அவளுக்கு ஒரே அக்கா, எனக்குப் பெரியம்மா. அம்மாவின் கல்யாணத்தன்று பெரியம்மா ஓலைக் கொட்டானில் மண்ணோடு ஒரு கன்றைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தாளாம். "நகை நட்டு போட எங்கிட்ட ஒண்ணுமில்லடி, இத வச்சுக்க" என்றாளாம். அம்மா வந்த கையோடு அதை இந்த முற்றத்தில் நட்டாள். அடுத்த வருஷமே பிரசவத்தில் பெரியம்மா போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் போட்டோ ஏது? பெரியம்மாவின் சேலை ஒன்று இருந்தது, அதையும் யாரோ கட்டிக் கிழித்துவிட்டார்கள். அம்மாவுக்கு அக்கா என்று மிஞ்சினது அந்தச் செடி ஒன்றுதான்.

மனோரஞ்சிதம் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசில் பூக்காது. நான் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் வெறும் இலைதான். வக்கீலம்மா வாரம் ஒரு தரம் தட்டிக்கு மேல் எட்டிப் பார்த்து, "பாம்பு வரும்டி, வெட்டிப் போடு" என்பார். பிறகு ஒரு மழைக்காலத்துக்கு அப்புறம் இலை நிறத்திலேயே முதல் பூ வந்தது. பூ இருப்பது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். மஞ்சளாகப் பழுத்ததும் சாயங்காலத்தில் வீடே மணத்தது. எந்தப் பழத்தை நினைத்துக்கொண்டு மோந்தாலும் அந்தப் பழத்தின் வாசனை வரும் என்பார்கள். நான் எப்போதும் பலாப்பழத்தைத்தான் நினைப்பேன். அம்மா எதை நினைத்தாள் என்று சொன்னதில்லை. மோந்துவிட்டு மூக்கை உறிஞ்சுவாள், அவ்வளவுதான்.

இனி தோட்ட நாளுக்கு வருகிறேன். பொங்கல் முடிந்து, மண்ணில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கிற தை மாதத்தில் மாதர் சங்கம் அதை நடத்தும். ராஜ வீதிகளில் பெரிய வீடுகளெல்லாம் அன்று கதவைத் திறந்து வைக்கும். முன்கூடத்துப் பெல்ஜியம் கண்ணாடியிலிருந்து அடுக்களைப் பித்தளை அண்டா வரைக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடைசியில் தோட்டம். எல்லாவற்றையும் பார்த்து, எது நல்ல தோட்டம் என்று சங்கத் தலைவி முடிவு செய்து ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுப்பார். தலைவி ஒரு பெரிய அதிகாரியின் மனைவி, மெட்ராஸ்காரர். அவர் வந்ததும் ஒரு சட்டம் போட்டார். எந்தத் தோட்டத்திலும் திருஷ்டி பொம்மை நிற்கக் கூடாது, பூசணிக்காயில் மூஞ்சி வரைந்து தொங்கவிடக் கூடாது, பழைய செருப்பு கட்டக் கூடாது. "பார்க்க அசிங்கமா இருக்கு. இதெல்லாம் இருந்தா அந்த வீட்டை லிஸ்ட்லேருந்து எடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் நினைத்துப் பாருங்கள். ஊர்க் கண் முழுக்க ஒரே நாளில் தோட்டத்துக்குள் வருகிறது, காவலுக்கு ஒரு பூசணிக்காய்கூடக் கிடையாது! பெரிய வீட்டு அம்மாக்களெல்லாம் சிரித்துக்கொண்டே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்ற நாள் அது. அதற்காகத்தான் பார்க்க வருகிற பெண்களும் ஒரு முறை வைத்திருந்தார்கள். எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் உடனே "என் கண்ணே பட்டுரும் போலருக்கு" என்று சேர்த்துச் சொல்லி, விரலை நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார்கள். இல்லாவிட்டால் தூ தூ என்று துப்புவது போலச் செய்வார்கள். பாராட்டை அப்படியே விட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லை.

முதல் பூ வந்த அந்தத் தையில், தோட்ட நாளுக்கு முந்தின நாள் வக்கீலம்மா தட்டியோரம் வந்தார். குரலில் தேன்.

"ஏத்தா, நாளைக்கு ஒரு நாளு மட்டும் இந்தத் தட்டிய ஒங்க பக்கம் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கிறேன். மனோரஞ்சிதம் எங்க தோட்டத்தோட சேந்தாப்புல இருந்தா ஒரு லட்சணமா இருக்கும்."

"அதுக்கென்னங்க அக்கா, செஞ்சுக்கங்க" என்றாள் அம்மா.

தோட்டக்காரர் தட்டியை அவிழ்த்து எங்கள் முற்றத்துக்குள் தள்ளிக் கட்டினார். மறுநாள் எங்களைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். துணி காயப்போடக் கூடாது, அடுப்புப் புகை வரக் கூடாது. நானும் அம்மாவும் பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். தட்டிக்கு அந்தப் பக்கம் அதிகாரியம்மா, "அடடா, என்ன மணம்! யார் வச்சது?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. வக்கீலம்மா சொன்னது அதைவிட நன்றாகக் கேட்டது. "நான்தாங்க. பத்து வருசமா புள்ள மாதிரி வளக்கிறேன்."

நான் எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள். கிண்ணம் வக்கீல் வீட்டுக்குத்தான் போனது. அடுத்த நாள் தட்டி பழைய இடத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அம்மா போய்க் கேட்டாள். வக்கீலம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி, தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"செடி யாரு மண்ணுல நிக்கிது? எங்க மண்ணுல. நாளைக்கு நீ வீட்ட காலி பண்ணிட்டுப் போறப்ப செவுத்தையும் பேத்துக்கிட்டுப் போவியா?"

சனிக்கிழமை அப்பா வந்ததும் அம்மா சொன்னாள். அப்பா நல்லவர், ஆனால் நல்லவர்களால் யாருக்கு என்ன லாபம்? "ஒரு செடிக்காகவா? இந்த வாடகைக்கு ஊருக்குள்ள வேற வீடு கிடைக்குமா? அனுசரிச்சுப் போ" என்றார். எனக்கு அப்போதே அவர்மேல் கோபம் வந்தது. அனுசரிப்பதெல்லாம் எப்போதும் பின்கட்டுக்காரர்கள் வேலை.

பெரியம்மா இறந்த நாள் பங்குனியில் வரும். அம்மா அன்று விளக்கேற்றி, வெல்லம் போட்ட பச்சரிசி வைத்துக் கும்பிடுவாள். அந்த வருஷம்தான் மனோரஞ்சிதம் பூத்திருந்தது. ஒரு பூ வேண்டும் என்று கேட்டு வர அம்மா என்னை அனுப்பினாள். நான் முன்கூடத்தில் வக்கீலம்மா எதிரில் நின்று, "பெரியம்மாவுக்கு வைக்கணும், ஒரே ஒரு பூ" என்றேன்.

"செத்தவளுக்கா? அபசகுனம் புடிச்சாப்ல பேசாத. பறிச்சா செடி வாடிரும். அடுத்த வருசம் அதிகாரியம்மா வந்து பாக்க வேணாமா?"

திரும்பி வரும் வழியில் தோட்டத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். மஞ்சளாகப் பழுத்த ஒரு பூ என் கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது. பறித்தேன். வக்கீலம்மா பின்னாலேயே வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே எங்கள் வாசல் வரை இழுத்து வந்தார். சந்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்களெல்லாம் பார்த்தார்கள். "திருடி! வாடகைக்கு வச்சா வீட்டையே சுருட்டுதுக!" என்றார். என் கையை விரித்துப் பூவைப் பிடுங்கி, காலில் போட்டுத் தேய்த்துவிட்டுப் போனார். தேய்த்த பிறகும் அது மணத்தது. அந்த வாசனையில் அன்று எனக்குப் பலாப்பழம் வரவில்லை.

அம்மா அழவில்லை. என் காதுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். தரையில் ஒட்டியிருந்த இதழ்களை வழித்தெடுத்து, கழுவி, விளக்கின் முன்னால் வைத்தாள். "அக்கா, இதான் கிடைச்சிச்சு" என்று விளக்கிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க வக்கீலம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சந்துப் பெண்கள் "பாவம், வாயில்லாப் பூச்சி" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ராத்திரி படுக்கையில் கிடந்து, அம்மாவுக்கும் சேர்த்து நானே பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அடுத்த தை வந்தது. தோட்ட நாளன்று காலையில் அம்மா தலைக்குக் குளித்தாள். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் பட்டுப்பாவாடை. பின்கதவைப் பூட்டினாள். சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வடக்கு ராஜ வீதிக்குப் போய், மற்றவர்களைப் போலச் சங்கத்துப் பெண்ணிடம் காகிதப் பூவை வாங்கிக் குத்திக்கொண்டு, வக்கீல் வீட்டு முன்வாசல் வழியாக நுழைந்தாள். வக்கீலம்மா முகம் ஒரு நிமிஷம் கறுத்தது. ஆனால் பக்கத்தில் அதிகாரியம்மா நிற்கிறாரே, என்ன செய்ய முடியும்?

"வா, வா" என்றார் பல்லைக் காட்டி.

தோட்டத்துக்குள் போனதும் அம்மா ஆரம்பித்தாள். அவ்வளவு பெரிய குரல் அவளுக்கு இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"அடேயப்பா! இந்த ரோசாவப் பாருங்களேன்! பூவா, தட்டா? இத்தனை பெருசா நான் எங்கிட்டும் பாத்ததே இல்லங்க."

வக்கீலம்மா காத்திருந்தார். அம்மாவின் விரல் நெற்றிக்குப் போகும், நெட்டி முறிப்பாள் என்று காத்திருந்தார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

"டேலியா! கண்ணு கூசுதுங்க. இந்த ஊர்ல யாரு வீட்டுல இருக்கு இப்புடி? பெரணி என்ன கருகருன்னு! குரோட்டன்சு எலை ஒவ்வொண்ணும் சாயம் போட்டாப்புல. ஒரு எலைகூடப் பழுக்கலையே அக்கா!"

ஒரு தொட்டி விடவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, உச்சியிலிருந்து அடிவரை பார்த்து, வாய் நிறையப் பாராட்டினாள். ஒரு தரம்கூட நெட்டி முறிக்கவில்லை, துப்பவில்லை, என் கண்ணே படும் என்று சொல்லவில்லை. வக்கீலம்மாவின் மேலுதட்டில் வேர்வை பூத்தது. "போதும், போதும்" என்று மெதுவாகச் சொன்னார். அதிகாரியம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? "எவ்வளவு நல்ல மனசு பாருங்க உங்க குடித்தனக்காரிக்கு! பொறாமையே இல்லை" என்று அம்மாவின் தோளைத் தட்டினார்.

கடைசியில் மனோரஞ்சிதம். எல்லாரும் அதைச் சுற்றி நின்று மோந்துகொண்டிருந்தார்கள். அம்மா அதன் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே ஒரு செடி நிற்பதே தெரியாதவள் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கிண்ணம் அந்த வருஷமும் வக்கீல் வீட்டுக்கே. எனக்கு அழுகையாக வந்தது. "ஏம்மா அவங்களப் போயி அப்புடிப் புகழ்ந்த?" என்று சண்டை போட்டேன். "நல்லா இருந்துச்சு, சொன்னேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து தட்டிக்கு அந்தப் பக்கம் திருவிழாதான். செவ்வாயும் வெள்ளியும் வக்கீலம்மா கல்லுப்பும் மிளகாயும் கடுகும் கையில் வைத்து ஒவ்வொரு தொட்டியையும் சுற்றுவார். சுற்றிய உப்பை அடுப்பில் போட வேண்டும். இத்தனை தொட்டிக்கு அடுப்புக்கு நடக்க முடியுமா? வேரிலேயே போட்டுவிடுவார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீரைத் தொட்டிக்குத் தொட்டி ஊற்றுவார். அதுவும் போதாதென்று படிகாரத்தைப் பொடித்துத் தூவினார். மாசி முடிவதற்குள் டேலியா சாய்ந்தது. "பாத்தியா, கண்ணு வேலை செய்யிது!" என்று இன்னும் ஒரு கை உப்பு. ரோஜா கருகியது, இன்னும் ஒரு குடம் சுண்ணாம்புத் தண்ணீர். பங்குனியில் குரோட்டன்ஸ் இலை கொட்டியது. அம்மா பாராட்டின அத்தனை செடியையும் வக்கீலம்மா தன் கையாலேயே உப்பு வைத்துக் கொன்றார். அம்மா சமையலறையில் அரிசி களைந்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வாயில் ஜீரா ஊறுகிறது.

அம்மா பாராட்டாமல் விட்ட மனோரஞ்சிதத்துக்கு மட்டும் யாரும் உப்புச் சுற்றவில்லை. அது தளதளவென்று தட்டிக்கு மேல் ஏறியது. அம்மா ஏன் அதைப் பார்க்காமல் வந்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் செடி இன்னும் அந்தப் பக்கம்தான் இருந்தது. அந்தப் பங்குனியிலும் பெரியம்மாவுக்குப் பூ இல்லை.

மூன்றாவது தை. புதுத் தொட்டிகள் வாங்கி அடுக்கியிருந்தார்கள், ஆனாலும் தோட்டம் சோபிக்கவில்லை. சொல்லிக்கொள்ள மனோரஞ்சிதம் ஒன்றுதான். ஆனால் அந்த வருஷம் வக்கீலம்மாவிடம் காட்டுவதற்கு வேறு ஒன்று இருந்தது. அவருடைய ஒரே மகளுக்கு ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. எத்தனையோ கோயில் சுற்றி, நார்த்தாமலை மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டுப் பெற்ற பிள்ளை. அதிகாரியம்மா பார்க்க வேண்டுமென்று, தங்க அரைஞாண் போட்டு, முன்கூடத்தில் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குண்டுக் கன்னம், சுருட்டை முடி. அதிகாரியம்மாவுக்குப் பிடிக்காது என்று கன்னத்தில் மைப்பொட்டுகூட வைக்கவில்லை.

அம்மா அரக்குச் சேலையில் வந்தாள். இந்தத் தடவை தோட்டத்துக்குப் போகவில்லை. நேராக வக்கீலம்மா எதிரில் போய் நின்றாள். குழந்தையைப் பார்த்தாள். உச்சியிலிருந்து ஆரம்பித்து, மெதுவாக, முன் வருஷம் ரோஜாவைப் பார்த்த அதே பார்வை. பிறகு மூச்சை நன்றாக இழுத்தாள்.

"அடேயப்பா" என்றாள்.

வக்கீலம்மாவின் கை தானாகக் குழந்தையின் முகத்தை மூடியது. "வேணாம்" என்றார். "ஒண்ணும் சொல்லாத. ஒனக்கு என்ன வேணும்?"

"நான் ஒண்ணும் கேக்கலையே அக்கா. பேரன் எம்புட்டு..."

"தட்டிய எடுத்துக் கட்டச் சொல்லிர்றேன்! பழைய எடத்துல!"

"எப்பங்க?"

"நாளைக்கு."

அம்மா குனிந்தாள். வக்கீலம்மாவின் விரல் இடுக்கில் தெரிந்த குழந்தையின் கண்ணைப் பார்த்து, "கண்ணு ரெண்டும்..." என்று தொடங்கினாள்.

"இப்பவே! இப்பவே!" வக்கீலம்மா அலறிய அலறலில் குழந்தை வீறிட்டது. "யாரு அங்கிட்டு? தோட்டக்காரரக் கூப்புடு! தட்டிய அவுத்துப் பழைய எடத்துல கட்டச் சொல்லு!"

கூடத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தோட்டக்காரர் வந்தவர்கள் முன்னாலேயே தட்டியை அவிழ்த்தார். மனோரஞ்சிதத்துக்கு அந்தப் பக்கம், பழைய குழிகளைத் தேடிப் பிடித்து மூங்கிலை ஊன்றினார். அம்மா பக்கத்திலேயே நின்று, கயிறு இறுகிவிட்டதா என்று இழுத்துப் பார்த்தாள். அதிகாரியம்மா வந்து, "இந்தச் செடி உங்களுதுன்னு சொன்னீங்களே?" என்று வக்கீலம்மாவைக் கேட்டார். குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்ற வக்கீலம்மா, "இல்லீங்க. பின்வீட்டுக்காரங்களோடது" என்றார். அதை அவர் வாயாலேயே கேட்டேன். கிண்ணம் அந்த வருஷம் வேறு யாருக்கோ போனது, யாருக்கு என்று நினைவில்லை. அம்மா அன்றைக்கே ஒரு பூவைப் பறித்து விளக்கடியில் வைத்தாள். பங்குனி வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை.

சாயங்காலம் நான் கேட்டேன். "அந்தப் பாப்பாவப் பத்தி என்னம்மா சொல்ல வந்த?"

"மூக்கு ஒழுகுது, தொடச்சு விடுங்கன்னு சொல்ல வந்தேன்" என்றாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். "கண்ணாவது மண்ணாவது! அவங்களுக்குப் பயம். நமக்கு அது வசதியாப் போச்சு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அம்மாவுக்கு எதிலும் மூடநம்பிக்கை இல்லை, எதிராளியின் பயத்தை எடுத்து எதிராளியையே அடித்தாள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! வாத்தியார் வேலைக்குப் போன பிறகு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். உங்களில் சிலரும் கேட்டிருப்பீர்கள். வெறும் பேச்சுத்தான், ஒரு பிள்ளைக்கும் கெடுதல் இல்லாத சாமர்த்தியம் என்று சொல்லி முடிப்பேன்.

அப்புறம் எனக்குக் கல்யாணமாகி, அறுபதுகளில் முதல் பிரசவத்துக்கு அதே பின்கட்டுக்கு வந்தேன். பெண் குழந்தை. பதினாறாம் நாள் கழிந்து ஒரு மத்தியானம் வக்கீலம்மா பார்க்க வந்தார். முடி நரைத்து, உடம்பு தளர்ந்து, கைத்தடியோடு வந்தார். பேரன் அப்போது பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தான், ஒரு குறையும் இல்லை. வக்கீலம்மா தொட்டிலைப் பார்த்து, வாயைத் திறந்து, சிரித்தார். மூச்சை இழுத்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து எப்படித்தான் வந்தாளோ. தொட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று, முந்தானையை விரித்துக் குழந்தையை மூடினாள்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்த்தா. பாக்கத்தான் வந்தேன்" என்றார் வக்கீலம்மா.

"பாக்கவும் வேணாம். போயிட்டு வாங்க."

அவர் போன பிறகு அம்மா கதவைத் தாழிட்டாள். கல்லுப்பும் மிளகாயும் எடுத்து என் பெண்ணைச் சுற்றினாள். அடுப்பில் போட்டாள், வெடித்தது. நெடி வரவில்லை, கண் பட்டிருக்கிறது என்று அவளே முணுமுணுத்துக்கொண்டு இன்னொரு கை எடுத்தாள். நான் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் நம்புகிறாள். இன்று நேற்றல்ல, எப்போதுமே நம்பியிருக்கிறாள். அப்படியானால் அன்றைக்கு முன்கூடத்தில், அந்தக் கைக்குழந்தைக்கு எதிரில், வாயில் எதை வைத்துக்கொண்டு நின்றோம் என்று இவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"அம்மா, அன்னைக்கு அவங்க தட்டிய எடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

அம்மா உப்பை அடுப்பில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். என் பெண்ணைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தலையிலேருந்து கால் வரைக்கும் சொல்லியிருப்பேன்" என்றாள்.